அரை பெர்த்

காட்பாடி ஜங்ஷனில் ஹவுரா வண்டிக்குக் காத்திருப்பவர்களைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். கையில் பெரிய எக்ஸ்ரே கவர் இருக்கும். மடங்கிவிடக் கூடாதே என்று கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துப் பிடித்திருப்பார்கள். வேலூருக்கு வைத்தியம் பார்க்க வங்காளத்திலிருந்து வருகிறவர்கள் அவ்வளவு பேர். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் போர்டும் மெஸ் போர்டும் வங்காள எழுத்தில் தொங்கும்.

எனக்குப் பம்ப்செட் விற்கிற வேலை. வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை இந்த வழியாகக் கொல்கத்தா போவேன். காட்பாடியில் ஏறினால் ஏறத்தாழ 30 மணி நேரம். கம்பெனி விமானத்துக்குக் காசு தராது என்பது ஒரு காரணம். அது தந்தாலும் ரயிலில்தான் போவேன் என்பதற்கு வேறு காரணம் இருக்கிறது.

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப காலத்தில், எதிரே உட்கார்ந்தவரிடம் எடுத்த எடுப்பில் "யாருக்கு உடம்பு சரியில்லை? டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்பேன். அக்கறை என்று எனக்கு நினைப்பு. ஒரு முறை ஒரு அம்மா தன் மகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பாதியிலேயே புகுந்து, எங்கள் ஊரில் ஒருவருக்கு இதே நோய் நாட்டு மருந்தில் குணமானதாக அளந்தேன். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பியவர் கரக்பூர் வரை என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்குமோ அவருக்கு.

அதற்கப்புறம் நோயைக் கேட்பதில்லை. என்ன பயிர் வைக்கிறீர்கள், கடையில் என்ன போகும், தறியில் என்ன நெய்கிறீர்கள் என்றுதான் கேட்பேன். தனக்குக் கைவந்த விஷயத்தைப் பேசுகிற மனுஷனுக்கு முதுகு தானாக நிமிரும்.

இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கு ஆர்.ஏ.சி.தான் கிடைத்தது. பக்கவாட்டுக் கீழ் பெர்த்தில் ஆளுக்குப் பாதி. மறு பாதியில் அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். எதிரே கீழ் பெர்த்தில் அவர் மனைவி. எக்ஸ்ரே கவர் பெரியவர் மடியில். ஆர்.ஏ.சி.யில் காலை எங்கே வைப்பது என்பதை ஏறியவுடன் பேசி முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க இரண்டு பேரும் மரியாதை பார்த்துப் பார்த்தே தூங்காமல் போவோம். இரண்டு மணி வரை அவர், பிறகு நான் என்று முறை வைத்துக்கொண்டோம்.

விஜயவாடாவில் விடிந்தது. டீ வந்ததும் பெரியவர் என் பக்கம் திரும்பி, "தாதா, சா காபேன்?" என்றார். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். சா என்றால் டீ. அவர்கள் டீயையும் தண்ணீரையும் 'சாப்பிடுவார்கள்', குடிப்பதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற ஒருவர் காலங்காத்தாலே 'சா' என்றால் நம்மூர்க் காதுக்குப் பகீர் என்றுதான் இருக்கும். வாங்கிக் குடித்தேன். ரயிலில் மயக்க மருந்து கலந்து கொடுத்து உருவுகிற கும்பல் உண்டு என்பதால் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: என் கண்ணெதிரே விற்பவரிடம் வாங்கியது, தோல் உரிக்காத பழம், இரண்டுக்கும் சரி சொல்வேன். திறந்த பொட்டலத்துக்கு வயிறு சரியில்லை என்று பொய் சொல்வேன். நான் கொண்டுபோகிற புளியோதரையை யாராவது அப்படி மறுத்தாலும் கோபப்படுவதில்லை.

நிலம் பற்றிக் கேட்டேன். வர்த்தமான் பக்கம், உருளைக்கிழங்கு என்றார். எனக்கு ஓட்டை இந்தி, அவருக்கு அதைவிட ஓட்டை. "ஜோதி வைத்தால் விளைச்சல், சந்திரமுகி வைத்தால் ருசி" என்றார். ரஜினி படத்தைச் சொல்கிறாரோ என்று விழித்தேன். இரண்டும் உருளைக்கிழங்கு ரகங்களாம்.

அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. கொல்கத்தா பிரியாணியில் முழு உருளைக்கிழங்கு கிடக்கும். 1856இல் அவத் ராஜ்ஜியத்தை ஆங்கிலேயர் பிடுங்கிக்கொள்ள, நவாப் வாஜித் அலி ஷா கொல்கத்தா மெட்டியாப்ரூஸில் வந்து குடியேறினார். அவர் ஆட்கள் கறிக்குக் காசில்லாமல் கிழங்கைப் போட்டார்கள் என்று ஒரு பேச்சு. பெரியவர் அதை ஒப்பவில்லை. "அப்போது கிழங்குதான் புதுசு. அதற்குத்தான் மவுசு. எங்கள் கிழங்கை ஏழை ஆக்காதீர்கள்." யார் சொல்வது சரியோ, எனக்கு அவர் கட்சிதான் பிடித்தது.

ராஜமுந்திரியில் கோதாவரிப் பாலம் வந்ததும் அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து சில்லறை தேடினார். நான் ஒரு நாணயத்தை நீட்டினேன். தலையசைத்து மறுத்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தன் காசை ஆற்றில் போட்டார். வேண்டுதல் காசு கடன் காசாக இருக்கக் கூடாதோ என்னவோ.

விசாகப்பட்டினத்தில் வண்டி வந்த வழியே திரும்பிப் புறப்படும். என்ஜினை மறு முனையில் மாட்டுவார்கள். அம்மா பதறிப்போய், மறுபடியும் வேலூருக்கா என்று கேட்டார். அந்த ஒரு தடவைதான் பெரியவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தேன். அங்கே டி.டி.ஆர். எனக்கு வேறு பெட்டியில் மேல் பெர்த் ஒதுக்கினார். போக மனமில்லை. ஆனால் நான் போனால்தான் பெரியவர் காலை நீட்டிப் படுக்க முடியும். பேச்சு சுவையாக இருக்கிறது என்பதற்காக ஒருவருடைய தூக்கத்தைத் தின்னக் கூடாது.

சாயங்காலம் யாரோ என் காலைத் தட்டினார்கள். பெரியவர்தான். மூன்று பெட்டி தாண்டி, ஒவ்வொரு மேல் பெர்த்தாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். "சிலிகா வருகிறது, இறங்குங்கள்." கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஏரி தண்டவாளத்தின் ஓரத்துக்கே வந்து, விலகி, மறுபடி வந்தது. தண்ணீரைப் பார்த்தபடியே அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அறுவடைச் சமயத்தில் விலை விழுந்துவிடும். கிழங்கைக் குளிர்பதனக் கிடங்கில் போட்டால் ஒரு சீட்டுத் தருவார்கள், பாண்ட் என்று பெயர். காசு அவசரமென்றால் அந்தச் சீட்டையே விற்கலாம். மூட்டை இடத்தை விட்டு நகராது, சொந்தக்காரர் மட்டும் மாறுவார்.

"இந்தத் தடவை எல்லா பாண்டையும் விற்றுவிட்டுத்தான் வேலூர் வந்தோம்" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் அதற்கு மேல் சொல்லவில்லை.

போன் நம்பர் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கினால் ஒரு வாரம் குட் மார்னிங் படம் வரும், பிறகு நிற்கும். அதற்கு இதுவே மேல் என்று தோன்றியது; சில நாள் அது தப்பு என்றும் தோன்றுகிறது.

ஹவுராவில் இறங்கியதும் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தார். கட்டை விரல் நகத்தால் காற்றில் சுரண்டிக் காட்டி, "தோல் லேசாக வந்தால்தான் சந்திரமுகி. கடைக்காரன் சொல்வதை நம்பாதீர்கள்" என்றார். பிறகு லோக்கல் வண்டிக்கு நடந்தார்கள். கவர் இப்போது அந்த அம்மாவின் கையில் இருந்தது. இருவரில் யாருடையது அது என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை.