பழுப்பு வளையம் சொல்லும் சேதி

மார்பில் கட்டி என்று சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால், சில நாள் கழித்து ஒரு தாள் கைக்கு வரும். அதில் புற்றுநோயா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். எந்த மருந்து என்பதைத் தீர்மானிப்பவை அதற்குக் கீழே வரும் மூன்று வரிகள்: ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2. மூன்றும் புரதங்களின் பெயர்கள்.

உயிரணு எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பது புரதங்கள் சொல்வதைப் பொறுத்தது. ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் பெண்மைச் சுரப்புகளின் சேதியை வாங்கி உயிரணுவின் உட்கருவுக்குச் சொல்பவை. ஹெர்-2 வெளிச்சுவரில் நிற்கிறது. சாதாரண உயிரணுவில் அது கொஞ்சம்தான் இருக்கும். மார்பகப் புற்றுநோய் வந்த நூறு பேரில் 15 முதல் 20 பேருக்கு அது கூட்டமாய்க் குவிந்து, "பெருகு, பெருகு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும்.

புரதத்துக்கு நிறம் கிடையாது. மைக்ராஸ்கோப்பில் வைத்தாலும் தெரியாது. குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தை ஏற்றிப் பார்க்கும் வழியை 1941-ல் ஆல்பர்ட் கூன்ஸ் என்ற அமெரிக்கர் காட்டினார். இன்று நம் பக்கத்து லேப்களில் பழுப்புச் சாயம் பயன்படுகிறது. சதையை மெழுகில் பதித்து, தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியதாய்ச் சீவி, ஸ்லைடில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார்கள். ஈ.ஆர். இருந்தால் உட்கரு பழுப்பாகும். ஹெர்-2 மிகுந்திருந்தால் ஒவ்வொரு உயிரணுவையும் சுற்றிப் பழுப்பு வளையம். மொத்தமாய்ப் பார்த்தால் கோழிக்கூட்டுக் கம்பிவலை மாதிரி இருக்கும்.

வளையத்தின் அழுத்தத்தைப் பார்த்து 0 முதல் 3 வரை எண் போடுவார்கள். 3 என்றால் ட்ராஸ்டுசுமாப் ஊசி பலன் தரும். 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. 2014 முதல் இந்தியத் தயாரிப்பும் கிடைக்கிறது. 2 என்பது இரண்டுங்கெட்டான் நிலை. 'ஃபிஷ்' என்ற மரபணுச் சோதனையும் செய்துதான் முடிவு சொல்வார்கள். ஈ.ஆர். இருந்தால் டாமாக்சிஃபென் போன்ற மாத்திரைகள்.

பி.ஆர். வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தமிழ்ப் பெண் நினைவுக்கு வருவார். ஷியாமளா கோபாலன் 1964-ல் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்று, அந்தப் புரதம் மார்பகத்தில் எப்படி வேலை செய்கிறது என்று பல காலம் ஆராய்ந்தவர். செய்தித்தாள்களில் அவர் கமலா ஹாரிஸின் தாயாராகத்தான் வந்தார்.

இத்தனை அறிவியலும் ஒரு சின்னப் பாட்டிலில் வந்து மாட்டிக்கொள்ளும். எங்கள் சொந்தத்தில் ஒரு ராத்தாவுக்குச் சதை எடுத்த இடத்தில் அதை உப்புத் தண்ணீரில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். ராத்திரி ஏரலில் வீட்டில் இருந்தது. மறுநாள்தான் பஸ்ஸில் திருநெல்வேலி போனது. சதை கெட்டுவிட்டதால் சாயத்தை நம்பி எதுவும் சொல்ல முடியாது என்று லேபில் எழுதிவிட்டார்கள். மறுபடி ஊசி, மறுபடி காத்திருப்பு. ஒரு மாதம் போயிற்று.

சதை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அது ஃபார்மலினில் இறங்க வேண்டும். அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். "பாட்டிலில் இருப்பது ஃபார்மலின்தானே?" என்று கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். எடுத்த நேரத்தைப் பாட்டிலில் எழுதச் சொல்லுங்கள். பிறகு அந்த மெழுகுக் கட்டியின் எண்ணைக் குறித்து வையுங்கள். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் போன்ற இடத்தில் இன்னொரு கருத்துக் கேட்கப் போனால், அந்தக் கட்டியையும் ஸ்லைடுகளையும் லேபில் கேட்டு வாங்கிப் போகலாம். அதிலிருந்தே புதிதாய்ச் சீவிப் பார்ப்பார்கள்.

ராத்தாவின் இரண்டாவது தாளில் ஹெர்-2 எண் 3. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊசிக்குப் போய் வருகிறார்.