சாம்பியாவின் தாமிரமும் ஒரு வாக்கியத்தின் எழுவாயும்

அன்புள்ள இளம் ஆய்வாளருக்கு,

கனிவளம் கொழிக்கும் நாடுகள் வறுமையில் உழல்வது ஏன் என்ற பழைய வினாவை இங்கே மீண்டும் விரிக்க வேண்டியதில்லை. அது இரு தரப்பும் அறிந்ததே. சாம்பியாவின் தாமிரப் பொருளாதாரம் பற்றி இளம் ஆய்வாளர் எழுதிய கட்டுரையில், அதைப் படித்த இந்த முதியவரை முதல் பக்கம் தொட்டு உறுத்தியவை எழுவாய் இல்லாத வாக்கியங்களே. "ராயல்டி 0.6 விழுக்காடாக நிர்ணயிக்கப்பட்டது" என்கிறது கட்டுரை. ராயல்டி என்பது, எடுக்கும் கனிமத்தின் மதிப்பில் சுரங்க நிறுவனம் அரசுக்குச் செலுத்தும் பங்கு. அதை நிர்ணயித்தவர் யார்? உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் தனியார்மயத்தை வலியுறுத்திய நெருக்கடியில், 1997 முதல் 2000 வரை சுரங்கங்களை விற்ற சாம்பிய அரசு, சட்டம் 3 விழுக்காடு என்று சொல்லியிருந்தும், வாங்கியவர்களுக்கு 0.6 விழுக்காட்டை ஒப்புக்கொண்டதோடு, ஒப்பந்தங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவும் இல்லை. 2002இல் டன்னுக்கு 1,600 டாலரைக்கூடத் தொடாத தாமிரத்தின் சராசரி விலை, 2006இல் 6,000 டாலரைக் கடந்தபோது கருவூலம் ஏன் நிறையவில்லை என்பதற்கு விடை அந்தக் கையெழுத்தில் இருக்கிறது. செயப்பாட்டு வினையோ கையெழுத்திட்ட கையையே மறைத்துவிடுகிறது.

கொங்கோலா சுரங்கத்தை 2004இல் "ஓர் இந்திய நிறுவனம்" வாங்கியது என்று எழுதியிருப்பதும் அதே குறைதான். வாங்கியது வேதாந்தா, இந்தியரின் கட்டுப்பாட்டில் இருந்தாலும், அதற்கு முந்தைய ஆண்டே இலண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். தூத்துக்குடி தாமிர ஆலையும் அதே குழுமத்தைச் சேர்ந்தது. தமிழில் எழுதுகிறவர் இதைச் சொல்லாமல் விடுவது பொறுக்கத்தக்கதன்று.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. முதியவர் மாணவராயிருந்த நாளில், அவருடைய ஆசிரியர் கட்டுரையைப் படிக்குமுன் செம்பென்சிலால் "பட்டது" என முடியும் வினைகளையெல்லாம் வட்டமிடுவார். வட்டங்கள் பத்தைத் தாண்டினால் தாளைப் படிக்காமலே திருப்பித் தருவார். மூன்று முறை திரும்பி வந்த ஒரு தாளின் பழுப்பு நிறம் இன்றும் முதியவரின் நினைவில் நிற்கிறது.

ஆயினும் 1986 டிசம்பரைப் பற்றிய பகுதி மிக மிக அருமை. நெடுங்காலமாகத் தமிழில் காணக் கிடைக்காத எழுத்து அது. நயமாக அரைத்த மக்காச்சோள மாவுக்கான மானியத்தை, அதாவது விலையைத் தாழ்த்தி வைக்க அரசு ஏற்ற செலவை, அதிபர் கவுண்டாவின் அரசு நிறுத்தியதும், ந்ஷிமா களியே அன்றாட உணவான சுரங்க நகரங்களில் மக்கள் கிளர்ந்தெழுந்ததையும், உயிர்கள் பலியானபின் அரசு மானியத்தை மீண்டும் வழங்கியதையும், அடுத்த மே மாதமே பன்னாட்டு நிதியத்தின் திட்டத்தைக் கைவிட்டதையும் விவரிக்கும் அப்பக்கங்களில், ஒவ்வொரு வினைக்கும் அதைச் செய்தவர் இருக்கிறார். அவற்றில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம்.

மாற்ற வேண்டியது கடைசிப் பக்கம். 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டித் தவணையைச் சாம்பியா செலுத்தத் தவறியதைக் "கடன்சுமை கூடியது" என்று முடித்திருக்கிறார் ஆய்வாளர். 2012, 2014, 2015 ஆகிய மூன்று ஆண்டுகளில் பன்னாட்டுச் சந்தையில் கடன்பத்திரங்களை வெளியிட்டு 300 கோடி டாலர் திரட்டிய அரசுகள் எவை, எந்தத் தாமிர விலையை நம்பித் திரட்டின, பத்திரங்களை வாங்கியோர் யார் என்பவற்றை எழுதியபின் அப்பக்கத்தை மட்டும் மீண்டும் அனுப்புக.