வைக்கோலும் ஒரு பிடி யூரியாவும்



புண்ணாக்கு விலை ஏறிக்கொண்டே போகிறதென்றும், உன் ஆஸ்பத்திரி வாசலில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குடியானவர்கள் தீவனத்தில் யூரியா கலக்கலாமா என்று ஓயாமல் கேட்கிறார்களென்றும், அளவை மாத்திரம் எழுதினால் போதுமென்றும் நீ எழுதிய கடிதம் கிடைத்தது. அளவு சொல்வது சுலபம்: அடர்தீவனம் 100 கிலோவுக்கு யூரியா 1 கிலோ, அதற்குமேல் கூடாது. ஆனால் அந்த அளவை மாத்திரம் துணையாகக் கொண்டு கிராமத்துக்குள் போனவன் நான். ஆகையால் சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

உத்தியோகத்துக்கு வந்த இரண்டாம் வருஷம், காவிரிப் படுகையில் ஒரு கிராமத்தில், ஒற்றைப் பசுவை நம்பி ஜீவனம் செய்த ஓர் அம்மாளுக்கு அளவைச் சரியாகத்தான் சொன்னேன். யூரியாவைத் தூளாக்கித் தவிட்டோடு ஒன்றுபோலப் பிசிற வேண்டுமென்பதையும், தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைக்கலாகாதென்பதையும் சொல்லாமல் விட்டேன். அந்த அம்மாள் அதைக் கழுநீர்த் தொட்டியில் போட்டுவிட, வெறும் வயிற்றோடு வந்த பசு ஒரே மூச்சில் குடித்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது வயிறு உப்பி, வாயில் நுரை தள்ளி, தோளிலும் தொடையிலும் தசை துடிதுடிக்க, கால் பின்னித் தள்ளாடிக்கொண்டிருந்தது. வினிகருக்கு டவுனுக்கு ஆள் அனுப்பினேன். அவன் சைக்கிள் திரும்பி வருமுன் பசு சாய்ந்துவிட்டது. அந்த அம்மாள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கன்றை அவிழ்த்துக் கொண்டுபோய், தாய் கிடக்கும் இடம் தெரியாத மூலையில் கட்டினாள்.

நடந்ததன் காரணத்தை நீ கல்லூரியில் படித்திருப்பாய், ஆயினும் சொல்லுகிறேன். பசுவின் முதல் வயிற்றில் கோடானுகோடியாக வாசம் செய்யும் நுண்ணுயிர்கள் யூரியாவை அமோனியாவாக உடைத்து, அந்த அமோனியாவிலிருந்து தம் உடம்பின் புரதத்தைக் கட்டிக்கொள்ள, அவ்வுயிர்கள் பின்னால் குடலில் ஜீரணமாகிப் பசுவுக்குப் புரதமாகின்றன. பின்லாந்து தேசத்தின் விர்த்தனேன், 1945இல் ரசாயனத்துக்காக நோபல் பரிசு பெற்றவர், புரதமே இல்லாத தீவனத்தில் யூரியாவையும் அம்மோனியம் உப்பையும் மாத்திரம் நைட்ரஜனுக்காகக் கொடுத்துப் பசுக்களைப் பால் கறக்கச் செய்து, 1966இல் அந்த அதிசயத்தை உலகுக்கு வெளியிட்டார். ஆனால் அவர் அப்பசுக்களை மெள்ள மெள்ளப் பழக்கினார் என்பதையும், மாவும் சர்க்கரையும் தாராளமாகக் கொடுத்தார் என்பதையும் மறந்துவிட்டு, 46 சதவிகித நைட்ரஜனை 6.25ஆல் பெருக்கி, ஒரு கிலோ யூரியா ஆறு கிலோ கடலைப் புண்ணாக்குக்குச் சமானம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது காகிதக் கணக்கு. யூரியா உடைவது நிமிஷக் கணக்கில். வைக்கோல் ஜீரணமாவது நாள் கணக்கில். தவிடோ சோளமாவோ வெல்லப்பாகோ உடன் இல்லாவிட்டால் அமோனியாவை வாங்கிக்கொள்ள ஆளின்றி அது ரத்தத்தில் ஏறுகிறது. கல்லீரல் சமாளித்தால் மூத்திரமாகப் போய் நஷ்டம், சமாளிக்காவிட்டால் பிராணாபாயம்.

ஆகவே என் அபிப்பிராயம், யூரியாவை வைக்கோலுக்குக் கொடு என்பதே. நூறு கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 50 லிட்டர் தண்ணீரில் ஒரு மணியும் மிச்சமின்றிக் கரைத்து, பூவாளியால் அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து இறுக்கி, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள் வைத்தால், உள்ளே எழும் அமோனியா வைக்கோலின் கட்டுக்கோப்பை இளக்கிவிடுகிறது. 3, 4 சதவிகிதமாக இருந்த புரதம் 7, 8க்கு உயருகிறது. மாடும் அதிகமாகத் தின்னுகிறது. இதில் யூரியா கட்டியாக ஒரே இடத்தில் தங்க வழியில்லை. சரியாக முற்றிய வைக்கோல் மஞ்சள் மாறிப் பழுப்பேறி, கைக்கு மெத்தென்றிருக்கும். மூக்கைத் துளைக்கும் வாடை அடிக்கும். பூஞ்சை வெளுத்த பகுதி இருந்தால் தயங்காமல் எருக்குழியில் போடச் சொல்.

ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு இது எதுவும் வேண்டாம். அதன் முதல் வயிறு இன்னும் பக்குவப்படவில்லை. பச்சைச் சோயாமொச்சையோடும் யூரியா சேரலாகாது. அதிலுள்ள யூரியேஸ் என்னும் நொதி யூரியாவை அவசரமாக உடைத்துவிடும். நாளைக்குப் பதினைந்து லிட்டர் கறக்கும் கலப்பினப் பசுவிடம் யூரியாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். நுண்ணுயிர் கட்டும் புரதம் மாத்திரம் அதற்குப் போதாது. கடலைப் புண்ணாக்கின் புரதத்தில் பெரும்பகுதி முதல் வயிற்றிலேயே கரைந்துவிட, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கிலும் தேங்காய்ப் புண்ணாக்கிலும் கணிசமான பங்கு தப்பிக் குடலுக்குப் போய்ச் சேருவதால், அத்தகைய பசுவுக்கு இவை இரண்டிலொன்றைக் கலந்தே எழுதிக் கொடு. வேலியோரத்து அகத்தியையும் கிளைரிசிடியாவையும் மறவாதே; விலையில்லாத நைட்ரஜன் அங்கே தழைத்து நிற்கிறது.

மூட்டம் பிரிக்கும் நாளில் நீயே போய் நில். பிரித்த வைக்கோலைச் சில மணி நேரம் உலர்த்தி வாடை தணிந்தபின் போடச் சொல். முதல் நாள் மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பும்; பழைய வைக்கோலோடு கால் பங்கு கலந்து தொடங்கினால் பத்து நாளில் தானே தேடும். புளிப்பு அமோனியாவை ரத்தத்தில் ஏறாமல் தடுக்கும், குளிர்ந்த நீர் அது மேலும் உண்டாவதைத் தணிக்கும் என்பதை நினைவில் வைத்து, ஐந்து லிட்டர் வினிகர் கேன் ஒன்று வண்டிப் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு புறப்படு.