மடைப்பள்ளிக் கணக்கு

உயிர்க்கொலை தவிர்ப்போம் என்னும் முதற்சீலத்தை நாள்தோறும் ஏற்கிறோம். அதனைக் கைக்கொள்ளும் முறை யாது? கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் ஆண்ட அசோகச் சக்கரவர்த்தியின் சாசனங்கள் விடை தருகின்றன.

உயிர்ப்பலியை விலக்கிய முதற் பாறைச் சாசனத்திலேயே அவர் தம் குறையையும் மறைத்தாரில்லை. முன்னாளில் தம் மடைப்பள்ளியில் தினமும் பல நூறாயிரம் பிராணிகள் கறிக்காகக் கொல்லப்பட்டன, இப்போது மயில் 2, மான் 1 ஆக 3 உயிர்களே, மானும் எப்போதுமன்று, இனி இவையும் கொல்லப்படா என்று பொறித்தார். பிறர்க்கு அறம் உரைத்தவர் தம் அடுப்புக்கும் கணக்குக் கொடுத்தார்!

முடிசூடி 26 ஆண்டுகள் கழிந்தபின் பொறித்த ஐந்தாம் தூண் சாசனத்தில், சினையுற்ற, பாலூட்டும் ஆடுகளையும் பன்றிகளையும், ஆறு மாதம் நிரம்பாத குட்டிகளையும் கொல்லலாகாது என்றார்; உயிர்கள் உறையும் உமியைக் கொளுத்தலாகாது என்றார். இத்தனை விதி வகுத்தவரே ஏழாம் தூண் சாசனத்தில், விதியால் விளையும் பயன் சிறிது, உள்ளத்தில் எண்ணித் தெளிவதால் விளைவதே பெரிது என்கிறார்.

இவ்வுண்மையை நாம் பட்டறிந்தோம். ஆலையில் உழைத்த நாளில், பஞ்சுப்பொதி இழுத்த மாட்டின் கழுத்துப் புண்ணிலேயே தார்க்கோல் பாயக் கண்டும் வாளாவிருந்தோம். சீலம் வாயில் இருந்தது, நெஞ்சில் இல்லை.

ஆதலின், வரும் பௌர்ணமி உபோசதத்தன்று நம் அடுப்பின் முன் நின்று எண்ணுவோமாக: நேற்று எத்தனை உயிர்? இன்று எத்தனை? நாளை எத்தனை?