சிலிக்கோன் ஜெல்: லேபிளைப் படித்து வாங்குங்கள்!

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்குச் சிலிக்கோன் புதிதல்ல. அச்சில் பிளாஸ்டிக் ஒட்டாமலிருக்க அடிக்கும் ஸ்ப்ரேயிலும் அது உண்டு. 'அதையா உடம்புல தடவுறது?' என்று பயப்படாதீர்கள். தாம்பத்தியத்துக்கான ஜெல்லின் தரமே வேறு. ஆனால், ஆலை ஸ்ப்ரேயில் கரைப்பான்கள் கலந்திருக்கும். அதை மறந்தும் உடம்பில் தடவக் கூடாது.

தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களிலும், மாதவிடாய் நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. பிறப்புறுப்பு வறண்டு, உறவின்போது வலிக்கிறது. கூச்சத்தால் பல பெண்கள் வாய் திறப்பதில்லை. வழவழப்புக்கு உதவுவதுதான் இந்த ஜெல்.

லேபிளில் என்ன பார்ப்பது?

டைமெத்திகோன், டைமெத்திகோனால்: பெரிய மூலக்கூறுகள், தோலுக்குள் எளிதில் இறங்காது. தண்ணீர் கலக்காததால் சீக்கிரம் காயாது.

சைக்ளோபென்டாசிலாக்சேன்: ஆவியாகிவிடும். ஆனால் சுற்றுச்சூழலில் நெடுநாள் தங்குவதால், கழுவி நீக்கும் அழகுப் பொருட்களில் 0.1 சதவீதத்துக்குக் கீழேதான் இருக்கலாம் என்று 2020 முதல் ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்படுத்தியிருக்கிறது.

வாசனை, 'சூடேற்றும்' பொருள் சேர்த்தவை எரிச்சல் தரலாம், தவிர்த்துவிடுங்கள்.

ஆணுறை உபயோகிப்பவர்கள் கவனிக்க: தேங்காய் எண்ணெய், வாசலைன் இரண்டும் லேட்டக்ஸ் ரப்பரைச் சில நிமிடங்களிலேயே பலவீனப்படுத்திவிடும், ஆணுறை கிழியலாம். சிலிக்கோன் அப்படிச் செய்யாது.

தரையில் சிந்தினால் வழுக்கும்; சோப்புப் போட்டுத் துடையுங்கள்.

அரிப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள். வலி தொடர்ந்தாலோ, மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டாலோ, ஜெல்லை நம்பி நாள் கடத்தாதீர்கள். ஓசூர் அரசு மருத்துவமனையோ, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, மகப்பேறு டாக்டரிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள்.