தீயில் வெந்த கான்கிரீட்டின் வலிமை

பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட லயத்து வீடுகளில் தீப்பிடித்தால் சில நிமிடங்களில் எல்லாம் சாம்பலாகிவிடும் என்பதைத் தோட்டப்புற மக்கள் நன்கறிவர். இன்று ஜுரு வட்டாரத்தில் கான்கிரீட் வீடுகளும் தொழிற்சாலைகளும் பெருகியுள்ளன. “கான்கிரீட் எரியாது, ஆகையால் அஞ்ச வேண்டியதில்லை” என்று பலர் எண்ணுகின்றனர். இதன் முற்பாதி உண்மை, பிற்பாதி உண்மையன்று.

சிமெண்டு, மணல், ஜல்லி, நீர் ஆகியவற்றின் கலவையே கான்கிரீட். சிமெண்டோடு இணைந்த நீரே அதனை இறுகச் செய்கிறது. கடும் வெப்பம் அந்நீரை வெளியேற்றுகிறது. ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்தும் அறையின் 60 டிகிரி செல்சியஸ் வெப்பம் கான்கிரீட்டைக் கெடுப்பதில்லை. ஏறத்தாழ 300 டிகிரி வரை இழப்பு சிறிதே. அதற்கு மேல் வலிமை விரைந்து குறைகிறது. 500 முதல் 600 டிகிரிக்குள் பாதியளவு போய்விடக்கூடும். 573 டிகிரியில் மணலில் உள்ள படிகக் கற்கள் பருத்து வெடிப்பை உண்டாக்குகின்றன. உள்ளே அடைபட்ட நீராவியால் மேற்பரப்பு சிதறுவதும் உண்டு.

உள்ளிருக்கும் இரும்புக் கம்பியும் 600 டிகிரியளவில் தன் வலிமையில் பாதியை இழக்கிறது. ஆனால், ஆறிய பின் கம்பி பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும், கான்கிரீட் திரும்பாது. மாறாக, வெந்த சுண்ணாம்புச் சத்து காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருப்பதால், தீ அணைந்த பின்னரும் விரிசல்கள் வளரலாம். ஆகவே, தீ அணைந்தவுடன் ஆபத்தும் நீங்கிவிட்டது எனக் கொள்ளலாகாது.

சென்னை நகரின் இரு நிகழ்ச்சிகள் இங்கு நோக்கத்தக்கன. அண்ணா சாலையில் 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டிடம் 1975 ஜூலையில் பெருந்தீக்கு இரையாயிற்று. எனினும் அது விழவில்லை. செப்பனிடப்பட்டு மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. 2017 மே 31ஆம் நாள் தியாகராய நகரில் ‘சென்னை சில்க்ஸ்’ துணிக்கடைக் கட்டிடம் தீப்பற்றியது. நெடுநேரம் எரிந்த தீயால் அதன் ஒரு பகுதி சரிந்தது. எஞ்சியதும் பின்னர் இடித்து அகற்றப்பட்டது.

வெந்த கட்டிடம் நிற்குமா, விழுமா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது. சில அடையாளங்கள் மட்டும் உண்டு. சுவரோ தூணோ இளஞ்சிவப்பாக மாறியிருந்தால், அங்கு வெப்பம் 300 டிகிரியைத் தாண்டியிருக்கக்கூடும். வெளிறிய சாம்பல் நிறம் இன்னும் கடுமையான வெப்பத்தைக் காட்டும். எல்லாக் கற்களும் நிறம் மாறுவதில்லை. ஆகவே நிறம் மாறாதது நலத்துக்குச் சான்றாகாது. பொறியாளர்கள் கான்கிரீட்டைத் துளைத்து மாதிரி எடுத்துச் சோதிப்பர். வெப்பம் உள்ளே மெதுவாகவே பரவுவதால், பல வேளைகளில் கெட்ட மேற்பகுதியை நீக்கிப் புதுப்பிக்கவும் முடியும்.

எனவே, தீ விபத்து நேர்ந்தால் 999 எண்ணுக்கு அழையுங்கள். தீ அணைந்த பின்னர், நகையையோ பத்திரங்களையோ எடுப்பதற்காக உள்ளே செல்லாதீர்கள். பிள்ளைகளையும் அருகே விடாதீர்கள். விரிசலைச் சிமெண்டு பூசி மறைத்துக் குடியேறுவது பேராபத்து. தகுதி பெற்ற பொறியாளர் சோதித்துப் பாதுகாப்பானது என்று உறுதி செய்த பின்னரே வீடு திரும்புங்கள்.