ஷட்டர் கவுன்ட் கேட்டீர்கள், லென்ஸைப் பார்த்தீர்களா?

கல்யாண ஸ்டூடியோக்காரர்கள் வரிசையாக மிரர்லெஸ்ஸுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கைமாற்றிவிடும் டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் ஓஎல்எக்ஸிலும் ஃபேஸ்புக் குழுக்களிலும் சர்வீஸ் கடைகளின் கண்ணாடி அலமாரிகளிலும் குவிந்து கிடக்கின்றன. குறைந்த காசில் புகைப்படம் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு நல்ல நேரம்தான். ஆனால் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இரண்டே கேள்வி: எத்தனை மெகாபிக்சல்? ஷட்டர் கவுன்ட், அதாவது ஷட்டர் இதுவரை ஓடிய எண்ணிக்கை, எவ்வளவு? இரண்டுக்கும் பதிலாக ஓர் எண் கிடைக்கும். எண் கிடைத்ததும் மனசு சமாதானமாகிவிடும். காசை விழுங்கும் கோளாறுகளோ எந்த எண்ணிலும் தெரிவதில்லை. கையில் வாங்கி, கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

செகண்ட் ஹேண்ட் கேமரா பற்றி உலவும் நம்பிக்கைகளில் எதை விட்டுத்தள்ளலாம், பதிலுக்கு எதைக் கவனிக்கலாம் என்று பார்ப்போம்.

நம்பிக்கை 1: 12 மெகாபிக்சல் எல்லாம் இந்தக் காலத்துக்கு ஆகாது.

உண்மை: 4×6 அங்குல பிரிண்ட் ஒன்றை, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் போட 1800×1200 புள்ளிகள் போதும். கணக்குப் போட்டால் 2.2 மெகாபிக்சல்கூட வராது. ஏ4 தாள் முழுக்கப் போட 9-க்குள் முடிந்துவிடும். 4கே டிவியின் மொத்தத் திரையே 8.3 மெகாபிக்சல்தான். 2008-ல் வந்த நிக்கான் டி90-யின் 12 மெகாபிக்சல் படம் இவை அத்தனைக்கும் போதும்.

24 என்றால் 12-ஐப் போல இரண்டு மடங்கு தெளிவு என்று தோன்றும். டி90 படத்தின் அகலம் 4288 புள்ளிகள்; 24 மெகாபிக்சல் கேமராவில் 6000. அகலவாக்கில் 1.4 மடங்குதான் கூடுதல். தூரத்துப் பறவையை எடுத்து, படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பயன்படுத்துகிறவருக்கு இந்த வித்தியாசம் கைகொடுக்கும். வீட்டு விசேஷம், தெரு, கோயில் என்று எடுக்கப்போகிறவருக்கு இதற்காகக் கூடுதல் காசு கொடுக்க அவசியமில்லை.

நுணுக்கமான பெரிய படம் வேண்டுமென்றால் அதற்கு வேறு வழியும் உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், 1858-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நகர்ந்து எடுத்தார். 21 காகித நெகட்டிவ்களிலிருந்து போட்ட பிரிண்ட்டுகளை ஒட்டிச் சேர்த்ததில் 19 அடிக்கு மேல் நீளமான ஒரே படம் கிடைத்தது. அன்று கத்திரியும் பசையும் செய்த வேலையை இன்று இலவச மென்பொருள் செய்கிறது. ஆறு மெகாபிக்சல் கேமராவிலும் இதைச் செய்து பார்க்கலாம்.

நம்பிக்கை 2: ஷட்டர் கவுன்ட் குறைவாக இருந்தால் கேமரா புதுசு மாதிரி, ஒரு லட்சம் தாண்டினால் கதை முடிந்தது.

உண்மை: பைக்கில் ஓடிய கிலோமீட்டரைப் பார்ப்பதுபோல இதையும் பார்க்கிறார்கள். பார்ப்பது தப்பில்லை, அதை மட்டும் பார்ப்பதுதான் தப்பு. நிக்கான் டி3300, டி5300 போன்ற தொடக்கநிலைக் கேமராக்களின் ஷட்டரை ஒரு லட்சம் முறை சோதித்திருப்பதாகச் சொல்கிறது நிறுவனம். டி7000-க்கு ஒன்றரை லட்சம், டி850-க்கு இரண்டு லட்சம். கேனான் 1டி எக்ஸுக்கு நான்கு லட்சம். இவை சோதனையில் தாங்கிய அளவு. காலாவதித் தேதி அல்ல. அதைத் தாண்டியும் ஓடும் கேமராக்கள் உண்டு, அதற்கு முன்பே படுத்துவிடுபவையும் உண்டு. ஷட்டர் போனால் மாற்றிக்கொள்ளவும் முடியும்.

இன்னொரு கணக்கு. 40,000 ஓடிய டி3300 ஒன்றை வாங்குகிறீர்கள், வாரத்துக்கு 100 படம் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். வருடத்துக்கு 5,200. மிச்சமிருக்கும் 60,000 தீர 11 வருடத்துக்கு மேல் ஆகும்.

எதிர்ப்பக்கத்தையும் யோசியுங்கள். 3,000 மட்டுமே ஓடிய கேமரா என்றால், அது அலமாரிக்குள் பல வருடம் தூங்கியிருக்கலாம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் அப்படித் தூங்கிய கேமராவின் ரப்பர் பிடி பிசுபிசுத்து உரிந்திருக்கும், பேட்டரி உப்பியிருக்கும், லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கும். தினமும் வெளியே வந்து வேலை பார்த்து, சர்வீஸும் ஆன ஸ்டூடியோ கேமரா அதைவிடத் தேவலை.

எண்ணைச் சரிபார்க்க விரும்பினால் ஒரு விஷயம். நிக்கானில் எடுத்த படக் கோப்புக்குள்ளேயே அது பதிந்திருக்கும். விற்பவர் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் உதிர்ந்துபோகும். ‘எடிட் செய்யாத படத்தை டாக்குமென்ட்டாக அனுப்புங்க’ என்று கேளுங்கள். கேனானின் பல மாடல்களில் படத்தில் எண் இருக்காது. கம்ப்யூட்டரோடு இணைத்து, அதற்கான மென்பொருளில்தான் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை 3: ஒரே கம்பெனி என்றால் எந்த லென்ஸையும் எந்த பாடியிலும் மாட்டலாம்.

உண்மை: மாட்டலாம், வேலை செய்யுமா என்பது வேறு. முதல் கேமரா வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது.

நிக்கானின் பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. ஃபோகஸ் செய்யும் மோட்டார் பாடிக்குள் இருக்கும். அதன் முனை லென்ஸைத் திருகிச் சுழற்றும். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் விலையையும் எடையையும் குறைக்க அந்த மோட்டாரையே எடுத்துவிட்டார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 எம்எம் எஃப் 1.8 டி லென்ஸை வாங்கி டி3300-ல் மாட்டினால், ஆட்டோஃபோகஸ் அசையாது; கையால்தான் திருப்ப வேண்டும். லென்ஸைக் கழற்றி, பாடியின் உலோக வளையத்தை உற்றுப் பாருங்கள். விளிம்பில் குட்டி ஸ்க்ரூடிரைவர் முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் உண்டு. டி90, டி7000-ல் அது இருக்கும். இல்லாத பாடி என்றால் ஏஎஃப்-எஸ் என்று எழுதிய லென்ஸாகப் பார்த்து வாங்குங்கள். பிற்பாடு வந்த ஏஎஃப்-பி லென்ஸ்களில் சிக்கல் தலைகீழ்: டி90, டி7000 போன்ற பழைய பாடிகளில் அவை ஃபோகஸ் ஆகவே ஆகாது.

கேனான் ஈஎஃப் லென்ஸ்கள் எல்லாவற்றிலும் மோட்டார் உள்ளேயே இருப்பதால் இந்தத் தலைவலி இல்லை. ஆனால் ஈஎஃப்-எஸ் லென்ஸ்கள் பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் பாடியில் உட்காராது. லென்ஸின் அடியில் வெள்ளைச் சதுரம் இருந்தால் ஈஎஃப்-எஸ், சிவப்புப் புள்ளி இருந்தால் ஈஎஃப்.

இத்தனை மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. கூடவே வரும் 18-55 கிட் லென்ஸ், 55-ல் எஃப் 5.6 வரைதான் திறக்கும். 50 எம்எம் எஃப் 1.8 அதைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கோயில் மண்டபத்திலோ டியூப்லைட் வெளிச்சத்து ஹாலிலோ, கிட் லென்ஸில் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் எடுத்து ஆடிப்போகும் படம், இதில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் நறுக்கென்று பதியும். பாடியை ஒரு படி மேலே வாங்குவதைவிட இந்த ஒரு லென்ஸ் படத்தை அதிகம் மாற்றும்.

நம்பிக்கை 4: லென்ஸுக்குள் தூசி இருந்தால் வாங்காதே, பூஞ்சை என்றால் துடைத்தால் போய்விடும்.

உண்மை: இரண்டுமே தலைகீழ். உள்ளே நாலைந்து தூசி இல்லாத பழைய லென்ஸைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்; படத்தில் அது தெரியவும் தெரியாது. சென்சாரின் மேல் இருக்கும் தூசிதான் தெரியும். அதைக் கண்டுபிடிக்க எஃப் 16 வைத்து வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான கறுப்புப் பொட்டுகள் தெரிந்தாலும் பயமில்லை. சர்வீஸ் கடையில் சுத்தம் செய்துவிடுவார்கள். ஆனால் விலை பேசும்போது அதைச் சொல்லிக் குறைத்துக்கொள்ளலாம்.

பூஞ்சை அப்படியல்ல. அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். ஆரம்பத்திலேயே பிடித்துத் துடைத்தால் தப்பிக்கலாம். முற்றிவிட்டால் பூஞ்சை போனாலும் அரித்த தடம் போகாது. வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படங்கள் வெளிறிப்போகும்.

சோதிப்பது எளிது. லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து மொபைல் டார்ச்சைச் சற்றுச் சாய்வாக அடித்து, முன்பக்கத்திலிருந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது பின்புறத் துளை சுருங்கியிருக்கும் லென்ஸ் என்றால், பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டி நெம்புகோலை விரலால் தள்ளித் திறந்து பிடித்துக்கொள்ளுங்கள். தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிந்தால் தூசி. ஓரத்திலிருந்து கிளை கிளையாக, சிலந்தி நூல் போலப் படர்ந்திருந்தால் பூஞ்சை. விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வாங்கிய பிறகு தோல் உறையில் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நிறம் மாறும் வகையாக வாங்கினால், ஜெல் ஈரத்தைக் குடித்துத் தீர்ந்ததும் தானாகத் தெரியும். அரிசி மூட்டைக்குள் வைக்கும் வைத்தியம் வேண்டாம்: அரிசி ஈரத்தை உறிஞ்சுவது கொஞ்சம், அதன் மாவுத் தூசி உள்ளே போவது நிச்சயம்.

நம்பிக்கை 5: பழைய சிசிடி கேமராவில்தான் ஃபிலிம் மாதிரி நிறம் வரும்.

உண்மை: இரண்டாயிரங்களின் பாக்கெட் கேமராக்களுக்கு இப்போது கிராக்கி கூடியதற்கு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம். சென்சாருக்கு, சிசிடி ஆனாலும் சிமாஸ் ஆனாலும், நிறமே தெரியாது. வெளிச்சத்தின் அளவுதான் தெரியும். 1975-ல் கோடாக்கில் ஸ்டீவன் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் இருந்ததும் சிசிடிதான். அது எடுத்தது கறுப்பு-வெள்ளைப் படம். அதைக் கேசட் டேப்பில் பதிய 23 நொடி ஆனது. நிறத்தைத் தருவது சென்சாருக்கு மேலே பதித்த சிவப்பு, பச்சை, நீலச் சல்லடையும் கேமராவுக்குள் நடக்கும் கணக்கும். பழைய பாக்கெட் கேமராவின் அந்தத் தோற்றத்தில் நேருக்கு நேர் அடிக்கும் ஃபிளாஷுக்கும் நகத்தளவுச் சென்சாருக்கும் பெரிய பங்கு உண்டு.

பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் மெமரி கார்டு எது என்று முதலில் பாருங்கள். ஒலிம்பஸ், ஃபியூஜியின் பழைய கேமராக்கள் சிலவற்றுக்கு எக்ஸ்டி கார்டு வேண்டும்; இப்போது அதைத் தயாரிப்பதில்லை. 2005 வாக்கில் வந்த சில கேமராக்கள் 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டை ஏற்காது. கேமராவைவிடக் கார்டைத் தேடி அலைவது பெரும்பாடாகிவிடும்.

நம்பிக்கை 6: டிஎஸ்எல்ஆர் செத்துப்போச்சு, இப்போது வாங்குவது வீண்.

உண்மை: கேனானும் நிக்கானும் தங்கள் கவனத்தை மிரர்லெஸ்ஸுக்குத் திருப்பிவிட்டது நிஜம். அதனால்தான் விலை இறங்கியிருக்கிறது. கற்றுக்கொள்கிறவருக்கு அது லாபம். நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-லிருந்தும் கேனானின் ஈஎஃப் மவுண்ட் 1987-லிருந்தும் இருப்பவை. சந்தையில் லென்ஸுக்குப் பஞ்சமே இல்லை. நாளை கேனான் மிரர்லெஸ்ஸுக்கு மாறினாலும், அடாப்டர் போட்டால் ஈஎஃப் லென்ஸ்கள் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும்.

நம்பிக்கை 7: ஃபுல் ஃபிரேம் இல்லாமல் தொழில்முறைப் படம் வராது.

உண்மை: 36×24 மில்லிமீட்டர் சென்சார் இருட்டில் உதவும், பின்னணியை இன்னும் மங்கலாக்கும். கூடவே லென்ஸின் விலையும் எடையும் கூடும். முதல் கேமராவுக்கு அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் போதும்.

நம்பிக்கை 8: மேனுவல் மோடில் எடுத்தால்தான் புகைப்படக்காரர்.

உண்மை: வேலைநாள் முழுக்க ‘ஏ’ மோடிலேயே, கேனானில் ‘ஏவி’, எடுக்கும் தொழில்முறைக்காரர்கள் ஏராளம். லென்ஸ் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்கிறது. தொடங்குகிறவருக்கு இதுவே நல்ல பள்ளிக்கூடம். வேகம் நூறில் ஒரு பங்கு நொடிக்குக் கீழே போகிறதா என்று மட்டும் ஒரு கண் வைத்திருங்கள். போனால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். நிலாவை எடுக்கும்போதோ, மேடை விளக்குகள் மாறி மாறி எரியும் கச்சேரியிலோ, கேமராவின் கணிப்பு தப்பும். அங்கே மேனுவலுக்குப் போங்கள்.

வாங்கும் நாளன்று

கையில் 20,000 ரூபாய் இருந்தால் முழுவதையும் பாடியிலேயே போட்டுவிடாதீர்கள். ஒரு 50 எம்எம் அல்லது 35 எம்எம் லென்ஸுக்கும், புது பேட்டரி ஒன்றுக்கும், கார்டுக்கும் ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்துக்கு ஏற்ற பாடியைத் தேடுங்கள். உங்கள் கார்டை எடுத்துப்போய், விற்பவரின் எதிரிலேயே போட்டு எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பொத்தானையும் அழுத்துங்கள், சக்கரத்தைச் சுழற்றுங்கள், ஃபிளாஷை அடியுங்கள். லென்ஸை டார்ச்சில் பாருங்கள். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் கேமராவின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பில் இல்லை என்றால் யாருடைய கேமரா என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை. இதற்கெல்லாம் நேரம் தராமல் அவசரப்படுத்துகிறவரிடம் ஷட்டர் கவுன்ட் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.